முன்னாள் தலைவரிடம் கேளுங்கள்

போன மாத இதழில் என் தேர்தல் கதையை இரண்டு பக்கத்துக்கு எழுதியிருந்தேன். 2001 முதல் 2006 வரை நான் ஊராட்சித் தலைவர், அடுத்த பத்து வருடம் என் வீட்டம்மா தலைவர், 2019-ல் மறுபடி நின்று நான் தோற்றேன். அவ்வளவுதான் கதை. கடைசியில் ஆசிரியர் 'சந்தேகம் உள்ளவர்கள் தலைவருக்கு எழுதலாம்' என்று ஒரு வரி சேர்த்துவிட்டார். 43 கடிதங்கள் வந்து கிடக்கின்றன. 2001-ல் நான் ஜெயித்த வித்தியாசமும் அதே 43 ஓட்டுதான், ராசியான எண் என்று எடுத்துக்கொள்கிறேன்.

கேட்டவர்களின் பெயரைப் போடவில்லை, ஊர் மட்டும். உள்ளூர் அரசியலில் பெயர் போட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். என் ஊரும் திருப்புல்லாணி ஒன்றியத்தில், தென்கடல் (மன்னார் வளைகுடா) ஓரத்தில் ஒரு சின்ன ஊராட்சி என்பதோடு நிற்கட்டும்.

மொத்தம் எத்தனை தேர்தல் நின்றீர்கள், எத்தனை ஜெயித்தீர்கள்? கட்டுரையில் கணக்குக் குழப்பமாக இருந்தது. (கீழக்கரை)

நான் நின்றது மூன்று, வீட்டம்மா நின்றது இரண்டு, நடக்காமலே போனது ஒன்று.

அதற்கு முன்னால் 1986 இருக்கிறது. தனுஷ்கோடிப் புயல் அடித்தபோது நான் பத்து மாதக் குழந்தை, ஆகவே 1986 பிப்ரவரியில் எனக்கு 22 வயது. 1970-க்குப் பிறகு பதினாறு வருடம் கழித்து நடந்த உள்ளாட்சித் தேர்தல் அது. முந்தின வருடம்தான் சிவகங்கையும் விருதுநகரும் தனி மாவட்டமாகப் பிரிந்து போயிருந்தன. எங்கள் சித்தப்பா தலைவருக்கு நின்றார், நான் பூத் ஏஜென்ட். ஜெயித்தார். 1991-ல் அவர் பதவிக் காலம் முடிந்தது. அதற்குப் பிறகு ஐந்து வருடம் தேர்தலே கிடையாது, தலைவருக்குப் பதில் அரசு நியமிக்கிற தனி அலுவலர் ஆட்சி.

1996 அக்டோபரில் நான் நின்றேன். மூன்று பேர் போட்டி. எனக்கு 371, ஜெயித்தவருக்கு 388, மூன்றாமவருக்கு 223. பதினேழு ஓட்டில் தோல்வி. செல்லாத ஓட்டு மட்டும் 58. எங்கள் ஊர் ஆத்தாக்கள் பல பேர் முத்திரையை விட்டுவிட்டுப் பெருவிரல் ரேகையை வைத்திருந்தார்கள். அந்த ரேகையில் பாதி என் சின்னத்தின் மேல்தான் விழுந்திருந்தது என்று இன்றைக்கும் நம்புகிறேன். நம்பினால்தான் தூக்கம் வரும்.

2001-ல் எனக்கு 520, எதிராளிக்கு 477, ஜெயித்தேன். 2006-ல் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. நம் மாநிலத்தில் ஒருமுறை ஒதுக்கினால் இரண்டு தேர்தலுக்கு அப்படியே இருக்கும், ஆகவே 2011-லும் அதே ஒதுக்கீடு. இரண்டு முறையும் வீட்டம்மா நின்றாள். 2006-ல் அவளுக்கு 561, எதிராளிக்கு 498. 2011-ல் அவளுக்கு 702, எதிராளிக்கு 455. 2016-ல் பொதுவாகிவிட்டது என்று நான் மனு போட்டேன், தேர்தல் ரத்து. 2019 டிசம்பரில் ஐந்து பேர் போட்டியில் 198 ஓட்டு வாங்கி மூன்றாவதாக வந்தேன்.

எங்கள் ஊராட்சி அலுவலகச் சுவரில் தலைவர்கள் பெயர்ப் பலகை ஒன்று உண்டு, பெயர், பதவிக் காலம், அவ்வளவுதான். அதில் எனக்கு ஒரு வரி, அவளுக்கு இரண்டு வரி. அதோடு முடித்துக்கொள்ளலாம், ஆனால் கேள்விகள் இன்னும் இருக்கின்றனவே.

கல்லூரியில் படிக்கிறேன். அடுத்த முறைதான் எனக்கு முதல் உள்ளாட்சி ஓட்டு. நான்கு ஓட்டு போட வேண்டும் என்கிறார்களே, உண்மையா? தலைவருக்கு ஏன் கட்சிச் சின்னம் இல்லை? (தங்கச்சிமடம்)

உண்மைதான் தம்பி. கிராமத்தில் இருந்தால் வார்டு உறுப்பினருக்கு ஒன்று, ஊராட்சித் தலைவருக்கு ஒன்று, ஒன்றியக் கவுன்சிலருக்கு ஒன்று, மாவட்டக் கவுன்சிலருக்கு ஒன்று. 2019-ல் வெள்ளை, இளஞ்சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று நான்கு நிறச் சீட்டு. இயந்திரம் கிடையாது, முத்திரை குத்தி மடித்துப் பெட்டியில் போட வேண்டும். எண்ணும் இடத்தில் நிறம் நிறமாகப் பிரிப்பதற்கே காலைப் பொழுது போய்விடும்.

ஒன்றிய, மாவட்டக் கவுன்சிலர் இரண்டுக்கும் கட்சிச் சின்னம் உண்டு. வார்டு உறுப்பினருக்கும் தலைவருக்கும் கிடையாது, சட்டப்படி அவை கட்சி சாராத தேர்தல். அதற்காக ஊரில் கட்சி இல்லை என்று நினைத்துவிடாதே. யார் எந்தக் கட்சி என்பது நாய்க்குட்டிக்குக் கூடத் தெரியும். ஆனால் அண்ணன் ஒரு கட்சி, தம்பி ஒரு கட்சி என்று இருக்கும் வீட்டில் தலைவர் ஓட்டு மட்டும் கட்சியைத் தாண்டிப் போகும். மாமனுக்கா மச்சானுக்கா என்றுதான் கேட்பார்கள்.

தேர்தல் ஆணையம் கொடுக்கிற சின்னத்தை வைத்துக்கொண்டுதான் ஊரைச் சுற்ற வேண்டும். 2001-ல் எனக்குப் பூட்டு சாவி வந்தது. நான் மளிகைக் கடைக்காரன், பொருத்தம் என்று சந்தோஷப்பட்டேன். எதிர்த்து நின்றவர் ஆட்கள் 'கடையைப் பூட்டு, சாவியைக் கொடு' என்று கோஷம் போட்டுக்கொண்டு என் கடை வாசலிலேயே வந்து நின்றார்கள். நல்ல கோஷம். எனக்கே சிரிப்பு வந்தது.

கடற்கரை ஊரில் தேர்தல் எப்படித் தனியாக இருக்கும்? எங்கள் பக்கம் எல்லாம் சாதிக் கணக்குதான். (கமுதி)

எங்களிடமும் அந்தக் கணக்கு உண்டு, பொய் சொல்லமாட்டேன். எங்கள் ஊராட்சியில் மூன்று துண்டு. கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி நாங்கள் இருக்கும் தாய்க் கிராமம், கொஞ்சம் மிளகாயும் மானாவாரி நெல்லும். பள்ளிவாசல் தெரு, அங்கே பாதி ஆண்கள் வளைகுடாவில் இருப்பார்கள், ஓட்டு என்றால் பெண்கள் ஓட்டுத்தான். கடைசியாகக் கடற்கரைக் குடியிருப்பு, வள்ளமும் நண்டு வலையும் கடல்பாசி எடுக்கும் பெண்களும். முதல் துண்டில் இருக்கிறவன்தான் தலைவராக வருவது வழக்கம். கடற்கரையை யார் பிடிக்கிறார்களோ அவர்கள் ஜெயிப்பார்கள்.

கடற்கரை ஓட்டைப் பிடிப்பது பேச்சால் நடக்காது, காற்றும் ஒத்துழைக்க வேண்டும். தென்கடலில் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று காலம் முழுக்கக் கடல் கொந்தளிப்பாக இருக்கும். வாடைக் காற்று (வடகிழக்கு) தொடங்கினால் கடல் படிந்து தொழில் சூடு பிடிக்கும். 1996-லிருந்து 2011 வரை எங்கள் தேர்தல் எல்லாம் அக்டோபரில் வந்தது, சரியாகத் தொழில் திரும்புகிற நேரம். ஓட்டுக்காக ஒரு நாள் மீன்பாட்டை யார் விடுவார்கள்? 2001-ல் வாக்குப்பதிவு முடிய இருபது நிமிடம் இருக்கும்போது மூன்று வள்ளம் கரை ஏறியது. பதினோரு பேர் ஈர லுங்கியோடு பள்ளிக்கூடத்துக்கு ஓடி வந்து வரிசையில் நின்றார்கள். அவர்களில் எத்தனை பேர் எனக்குப் போட்டார்கள் என்று கேட்கக் கூடாது. நான் கேட்டேன். பதினோரு பேரும் எனக்குத்தான் போட்டதாகச் சொன்னார்கள். எதிராளியிடமும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.

இன்னொன்று. 1996-ல் என் கடன் நோட்டில் 140 பேர் இருந்தார்கள். அரிசி, மண்ணெண்ணெய், பீடிக் கட்டு எல்லாம் கடன். கடன் வாங்கினவன் ஓட்டுப் போடாமல் எங்கே போவான் என்று நினைத்தேன். கடன் கொடுத்தவனைக் கண்டால் ஆள் வேறு சந்து வழியாகப் போவான் என்பது 17 ஓட்டில் தோற்ற பிறகு புரிந்தது.

எவ்வளவு செலவு செய்தீர்கள்? உண்மையைச் சொல்லவும். (பரமக்குடி)

சட்டம் சொல்வது முதலில். 2019-ல் தலைவர் வேட்பாளருக்குச் செலவு உச்சவரம்பு 34,000 ரூபாய். டெபாசிட் 600, ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 300. முடிந்த பிறகு முப்பது நாளுக்குள் கணக்குக் கொடுக்க வேண்டும், கொடுக்காவிட்டால் மூன்று வருடம் நிற்க முடியாது. வரி பாக்கி இருந்தால் மனுவே தள்ளுபடி. ஜெயித்தால் அந்தக் காலத்தில் கிடைத்த மதிப்பூதியம் மாதம் 1,000 ரூபாய்.

இப்போது உண்மை. 2006, 2011 இரண்டு தேர்தலும் தீபாவளிக்கு முந்தின வாரத்தில் வந்தன. புடவை எடுக்கிற வாரம். அதற்கு மேல் நான் எழுத வேண்டியதில்லை. எங்கள் ஊரில் தேர்தலில் நின்று பணக்காரன் ஆனவன் பெட்டிக்கடைக்காரனும் கோழிக்கடைக்காரனும்தான்.

எங்கள் ஊரில் தலைவர் பதவியைக் கோயில் திருப்பணிக்கு ஏலம் விட்டுவிட்டார்கள். ஊர் ஒற்றுமையாகப் போட்டியின்றித் தேர்ந்தெடுத்தால் நல்லதுதானே? (கடலாடி பக்கம்)

நல்லது இல்லை. மாநிலத் தேர்தல் ஆணையம் அது குற்றம் என்று எச்சரித்துக்கொண்டேதான் இருக்கிறது. பணம் கட்டி வாங்கினவன் முதல் வருடம் கட்டிய பணத்தை எடுப்பான், இரண்டாம் வருடம் வட்டியை எடுப்பான். கோயிலுக்குக் கோபுரம் வரும், தெருவுக்குக் குழாய் வராது.

'ஊர் ஒற்றுமை' என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குக் கொஞ்சம் பயம். மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தில் கொட்டக்கச்சியேந்தல், இந்த நான்கிலும் 1996-ல் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டபோது அங்கே ஊர் ஒற்றுமையாகத்தான் இருந்தது. பட்டியல் சாதிக்காரர் தலைவர் நாற்காலியில் உட்காரக் கூடாது என்பதில் ஒற்றுமை. மனு போட ஆள் வராது, வந்து ஜெயித்தாலும் அப்போதே ராஜினாமா. பத்து வருடம் கழித்து 2006-ல்தான் அங்கே ஒழுங்காகத் தலைவர் வந்தார். எங்கள் ஊரிலும் 2006-ல் ஏலப் பேச்சு எழுந்தது. 'பொம்பளைத் தொகுதிதானே, யார் வந்தா என்ன, கோயிலுக்குக் கொடுத்துட்டு உக்காருங்க' என்றார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஜனநாயகப் பற்று என்று சொல்ல ஆசைதான். என்னிடம் அவ்வளவு பணம் இல்லை என்பதே காரணம்.

நீங்கள் எழுதியதில் பத்து வருடம் மனைவி தலைவர் என்று ஒரு வரியில் தாண்டிவிட்டீர்கள். அவரை முன்னால் நிறுத்திவிட்டு நீங்கள்தானே ஆண்டீர்கள்? மறைக்காமல் எழுதுங்கள். (தொண்டி, ஒரு வாசகி)

இதே கேள்வி ஒன்பது கடிதத்தில் இருக்கிறது. இவர் எழுதியதுதான் கொஞ்சம் மரியாதையாக இருந்தது.

முதல் ஆறு மாதம் நான்தான் ஆண்டேன். எட்டாவது படித்தவள், கையெழுத்து அழகாக இருக்கும். தீர்மானப் புத்தகத்தைக் கிளார்க் வீட்டுக்குக் கொண்டுவருவார், அடுப்படியில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து போடுவாள், போய்விடுவாள். அலுவலகத்தில் தலைவர் நாற்காலியில் நான்தான் உட்கார்ந்தேன். ஒன்றியத்தில் கூட்டம் என்றால் நான்தான் போனேன். பெண் தலைவர்களின் கணவர்கள் வரக்கூடாது என்று சுற்றறிக்கை உண்டு, அதை வாசித்துக் காட்டிய அதிகாரியே வெளியே வந்ததும் 'தலைவரே, டீ சாப்பிடுவோமா' என்று என்னைக் கூப்பிட்டார். ஊருக்குள் நான் 'தலைவர்', அவள் 'தலைவர் பொண்டாட்டி'. சட்டப்படி எல்லாம் தலைகீழ், அது யாருக்கும் உறைக்கவில்லை. எனக்குச் சுத்தமாக உறைக்கவில்லை.

2007 ஜனவரி 26 கிராம சபை. அதற்கு மட்டும் அவள் வந்தே ஆக வேண்டும். கடற்கரைக் குடியிருப்பிலிருந்து ஒரு கிழவி எழுந்து, 'தாயி, எங்க தெருவுக்கு எத்தனை மணிக்குத் தண்ணி தொறப்பாக?' என்று கேட்டது. இவள் என்னைப் பார்த்தாள். நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தேன். கிழவி கையை நீட்டித் தடுத்தது. 'ஒன்னையக் கேக்கல அப்பு. தலைவரக் கேக்குறேன்.'

இவளுக்குத் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும் தெரியாது. 'காலையில தொறப்பாங்க' என்று சொல்லித்தான் ஐந்து வருடம் ஓட்டியிருந்தேன்.

மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்கு அவள் வீட்டில் இல்லை. கடையில் பாதி எழுதிய கடன் நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு டேங்க் ஆபரேட்டரோடு போயிருக்கிறாள். பதினைந்து நாள் போனாள். எந்த வால்வை எப்போது திறக்கிறார், எப்போது மூடுகிறார், தெருக் கடைசிக் குழாயில் தண்ணீர் எப்போது எட்டுகிறது, எப்போது சொட்டுகிறது என்று எழுதினாள். ஒரு பக்கத்தில் 'சீனி அரை கிலோ' என்று என் கையெழுத்து, எதிர்ப் பக்கத்தில் '5.40, 6.35' என்று அவள் கையெழுத்து. அந்த நோட்டு இன்னும் வீட்டில் இருக்கிறது.

கணக்கு வந்தது. எங்கள் தெருவுக்கு 55 நிமிடம். பள்ளிவாசல் தெருவுக்கு 35. கடற்கரைக்கு 12. தொட்டி நிரம்பி இருக்கும்போது முதலில் எங்கள் வால்வைத் திறப்பார்கள், நல்ல வேகம் இருக்கும். கடைசியில் கடற்கரை வால்வைத் திறக்கும்போது தொட்டியின் அடியில்தான் தண்ணீர் கிடக்கும், அதில் பாதி நேரம் காற்றுத்தான் வரும். அந்தப் பெண்கள் மணலில் ஊத்துத் தோண்டி, ஊறுகிற தண்ணீரைச் சிரட்டையால் மொண்டு மொண்டு குடம் நிரப்பினார்கள். இல்லாவிட்டால் குடம் 2 ரூபாய்க்கு வாங்கினார்கள். இந்தத் திறப்பு வரிசையை ஏற்படுத்தியது யார் என்று அவள் கேட்டாள். நான் இல்லை. சித்தப்பா காலத்திலிருந்தே அப்படித்தான். ஆனால் நான் மாற்றவில்லை. என் தெரு, என் சொந்தக்காரர்கள், என் ஓட்டு. மாற்ற வேண்டும் என்று தோன்றவே இல்லை.

அவள் மாற்றினாள். முதலில் கடற்கரை, கடைசியில் எங்கள் தெரு. தீர்மானம் போட்டு, நேரத்தைத் தொட்டித் தூணில் பெயின்டால் எழுதிவைத்தாள். எங்கள் தெருவில் மூன்று மாதம் யாரும் எங்களோடு சரியாகப் பேசவில்லை. 'வந்த மருமக தண்ணிய வெட்டிட்டா' என்று என் பெரியம்மாவே தெருவில் நின்று சொன்னது. நான் அவளிடம், அடுத்த தேர்தலில் நம் தெரு ஓட்டு போச்சு என்றேன். 'அந்தத் தெருவுல மொத்தம் எத்தனை ஓட்டு?' என்று கேட்டாள். சொன்னேன். 'கடக்கரையில?' என்றாள். பதில் சொல்லாமல் கடையைத் திறக்கப் போய்விட்டேன்.

அப்புறம் நாற்காலி தானாகக் கைமாறியது. நானே எழுந்து கொடுத்தேன் என்று எழுத ஆசை, ஆனால் அவள் காலையில் எனக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிட்டாள், நான் போனபோது எனக்கு பெஞ்சுதான் இருந்தது. ஆறு மாதம் கழித்து பெஞ்சுக்கும் போகவில்லை, கடை இருக்கிறதே.

அந்தக் காலத்தில் அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிக்கு 20 லட்ச ரூபாய் வந்தது. நூலகம், சுடுகாட்டுப் பாதை, ஊருணிக்குப் படிக்கட்டு. 2008 ஏப்ரலில் நூறு நாள் வேலை எங்கள் மாவட்டத்துக்கு வந்தபோது முதல் வேலையாக ஊருணியைத் தூர் வாரினாள். காவிரிக் கூட்டுக் குடிநீர்க் குழாய் எங்கள் பக்கம் வந்த பிறகு தண்ணீர்ப் பாடு கொஞ்சம் குறைந்தது. குறைந்தது என்றுதான் எழுதுகிறேன், தீர்ந்தது என்று இல்லை. குழாய் உடைந்தால் நாலு நாள் ஊத்துத்தான்.

2011-ல் எங்கள் தெருவில் பாதி ஓட்டு அவளுக்கு விழவில்லை. கடற்கரையில் எதிராளிக்கு ஏஜென்ட் உட்கார ஆள் கிடைக்கவில்லை. 247 ஓட்டு வித்தியாசம். நான் வாழ்நாளில் வாங்கிய வித்தியாசம் 43.

துணைத் தலைவரோடு ஒத்துப் போகவில்லை என்றால் என்ன ஆகும்? (ஆர்.எஸ்.மங்கலம்)

காசோலையில் தலைவர், துணைத் தலைவர் இரண்டு பேர் கையெழுத்தும் வேண்டும். துணைத் தலைவரை வார்டு உறுப்பினர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுப்பார்கள், பெரும்பாலும் அது தோற்றவன் கோஷ்டி ஆளாக இருக்கும். கோபித்துக்கொண்டு அவர் திருப்பூருக்கு மகள் வீட்டுக்குப் போய்விட்டால் தெருவிளக்கு வாங்கக் கூடப் பணம் எடுக்க முடியாது. எனக்கு அப்படி ஒருமுறை நாற்பது நாள். பஸ் ஏறிப் போய்க் கூட்டி வந்தேன், பஸ் காசு என் கையிலிருந்து.

2016-ல் மனு போட்டேன், தேர்தல் ரத்து என்று எழுதியிருந்தீர்கள். அந்த மூன்று வருடம் ஊர் எப்படி ஓடியது? (மண்டபம்)

2016 அக்டோபர் 3 மனு போடக் கடைசி நாள். நான் அன்றைக்குத்தான் நல்ல நேரம் பார்த்துப் போட்டேன். மறுநாள் சென்னை உயர் நீதிமன்றம் தேர்தல் அறிவிப்பையே ரத்து செய்துவிட்டது. இட ஒதுக்கீட்டு அறிவிப்பில் சிக்கல் என்றார்கள். நான் பார்த்த நல்ல நேரம் அவ்வளவுதான். மாலைக்கு முன்பணம் கொடுத்திருந்தேன், அது திரும்பவில்லை.

அதற்குப் பிறகு 2019 கடைசி வரை தனி அலுவலர். எங்கள் மாவட்டத்தில் 429 ஊராட்சி, 11 ஒன்றியம். ஒன்றியத்துக்கு ஒரு பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்) கிராம ஊராட்சிகளைப் பார்க்கிறார் என்றால் ஒருவர் தலையில் எத்தனை ஊர் என்று நீங்களே வகுத்துப் பாருங்கள். அவரும் மனிதர்தானே. மோட்டார் எரிந்தால் முன்பு வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். தனி அலுவலர் காலத்தில் எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியாமல் பழக்கத்தில் எங்கள் வீட்டுக்கே வருவார்கள். தேர்ந்தெடுத்த ஆள் இல்லை என்று மத்திய நிதிக்குழு மானியமும் நின்றது. பதவி இல்லாத வீட்டம்மா கையில் பேட்டரி லைட்டோடு ராத்திரி மெக்கானிக்கைத் தேடிப் போனது உண்டு, பணத்தை ஊரில் வசூல் செய்து கொடுத்தோம்.

இவ்வளவு செய்த குடும்பம் 2019-ல் ஏன் மூன்றாவதாக வந்தது? (சாயல்குடி)

2019-ல் பதவி பொது. பொது என்றால் பெண்ணும் நிற்கலாம். இது பல பேருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். வீட்டம்மா 'பத்து வருஷம் போதும், இடுப்பு வலி' என்றாள். நான் இரண்டாவது தடவை கேட்கவில்லை. ஒரு தடவை கேட்டதே பெரிது என்று நினைத்துக்கொண்டு அன்றைக்கே மனு வாங்கி வந்துவிட்டேன்.

டிசம்பரில் தேர்தல், 27, 30 என்று இரண்டு கட்டம். கடற்கரைக்கு ஓட்டுக் கேட்கப் போனேன். பெண்கள் பாசி காயப் போட்டுக்கொண்டிருந்தார்கள். கும்பிட்டேன். ஒருத்தி நிமிர்ந்து என் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டு, 'அக்கா நிக்கலையா?' என்று கேட்டாள். இல்லை, நான்தான் என்றேன். 'அப்படியா' என்று சொல்லிவிட்டுப் பாசியைப் புரட்டப் போய்விட்டாள். அடுத்த வீட்டிலும் அதே கேள்வி. பள்ளிவாசல் தெருவிலும் அதே கேள்வி. என் தெருவிலோ 2007-ல் தண்ணீரை வெட்டிய கோபம் பன்னிரண்டு வருடமாகியும் ஆறவில்லை, ஆனால் அதை அவளிடம் காட்டாமல் என்னிடம் காட்டினார்கள்.

2020 ஜனவரி 2-ஆம் தேதி எண்ணினார்கள். இளஞ்சிவப்புச் சீட்டுகளைக் கட்டுக் கட்டாக அடுக்கும்போதே தெரிந்துவிட்டது, என் கட்டு ஏறவே இல்லை. 198. வீட்டுக்கு வந்து சொன்னபோது அவள் சோறு போட்டாள், ஒன்றும் சொல்லவில்லை. கை கழுவும்போது மட்டும், 'கடக்கரையில எத்தனை விழுந்துச்சு?' என்று கேட்டாள். 31 என்றேன். 'அவ்வளவு விழுந்துச்சா' என்றாள்.

அம்மாவுக்கு ஒரு கேள்வி: அடுத்த தேர்தலில் நிற்பீர்களா? (உச்சிப்புளி)

2019-ல் ஜெயித்தவர்களின் காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. மறுபடி தனி அலுவலர். 1991, 2016, 2025 என்று பார்த்தால், எங்கள் பெயர்ப் பலகையில் அதிக முறை வந்த பெயர் தனி அலுவலருடையதுதான்.

கேள்வி எனக்கு இல்லை என்பதால் கடிதத்தை வீட்டம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். நண்டு உடைத்துக்கொண்டிருந்தாள். கடிதத்தை வாங்கிப் பார்க்கவில்லை, கை அழுக்கு. 'ஒதுக்கீட்டுப் பட்டியல் வரட்டும்' என்றாள். இடுப்பு வலி என்ன ஆயிற்று என்று கேட்டேன். 'அது இருக்கு அது பாட்டுக்கு' என்றாள். பிறகு கொஞ்ச நேரம் கழித்து, 'இதையெல்லாம் பொஸ்தகத்துல போட்டுறாதீங்க, இப்பவே எதிராளி முழிச்சுக்குவான்' என்றாள்.

ஆசிரியருக்கு இந்தப் பக்கத்தை அனுப்பும் நேரம் வந்துவிட்டது. இன்னும் அவளிடம் சொல்லவில்லை.